காவலரணைச் சுற்றிய ஜீப்

போன மாதம் இரண்டு பேர் என் வீட்டுக்கு வந்தார்கள். ஒருவருக்கு வங்கியில் வேலை, மற்றவர் மருந்து விற்பனைப் பிரதிநிதி. ஓய்வு நேரத்தில் கம்பியூட்டர் யுத்த விளையாட்டுப் போட்டி நடத்துகிறார்களாம். அந்தக் காலத்தில் வெள்ளவத்தையில் இப்படிப் போட்டிகளுக்கு நடுவராக நின்ற ஆள் என்று யாரோ என் பெயரைக் கொடுத்திருக்கிறார்கள். பிரதம நடுவராக வந்து உட்கார வேண்டும், வேலை ஒன்றும் இல்லை, முகத்தைக் காட்டினால் போதும் என்றார்கள். ஓய்வு பெற்றவனிடம் எல்லோரும் முகத்தைத்தான் கேட்கிறார்கள்.

அவர்களுக்குள் ஒரு தகராறும் இருந்தது. விளையாட்டு எதை அனுமதிக்கிறதோ அதையெல்லாம் செய்யலாம் என்று ஒரு கட்சி. நிஜச் சண்டையில் நடக்கக்கூடியதை மட்டும்தான் செய்யலாம், கம்பியூட்டரின் முட்டாள்தனத்தைப் பிடித்துக்கொண்டு வெல்வது கள்ள விளையாட்டு என்று இன்னொரு கட்சி. இவர்கள் இரண்டாவது கட்சி. தங்கள் விதிகளைக் கைபேசியில் காட்டினார்கள். முதலாவது விதி இதுதான்: உயிரில் ஆசை உள்ள ஒரு சிப்பாய் செய்யத் துணியாததை விளையாட்டில் எவரும் செய்யக்கூடாது.

நல்ல வசனம், எங்கே எடுத்தீர்கள் என்று கேட்டேன். டொரொண்டோவில் ஓர் அங்கிள் எழுதித் தந்தார், அவர் யதார்த்த விளையாட்டுக்கென்றே ஒரு பெரிய குழு நடத்துகிறார், எங்கள் வரைபடங்களையும் அவர்தான் செய்து தருகிறார் என்றார்கள். பெயரைச் சொன்னார்கள். சுகந்தன்.

யோசித்துச் சொல்கிறேன் என்று அவர்களை அனுப்பிவிட்டேன். யோசித்ததைத்தான் இப்போது எழுதுகிறேன்.

நான் கொழும்பு கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவன். பள்ளிக்கூடம் எனக்கும் நான் பள்ளிக்கூடத்துக்கும் ஒத்துவரவில்லை. மாதா கோயிலுக்குப் போகிற வழியில் இருந்த ரேடியோ திருத்தும் கடையில் சேர்ந்தேன். 'பாட்டு வராவிட்டால் முதலில் பிளக்கைப் பார், பிறகு மாதாவைக் கூப்பிடு' என்பார் அந்த முதலாளி. எனக்குக் கிடைத்த படிப்பெல்லாம் அந்த ஒரு வசனம்தான். ரேடியோவிலிருந்து ரீ.வி., ரீ.வி.யிலிருந்து கம்பியூட்டர். ஆங்கிலத்தைக் கம்பியூட்டர் பெட்டியோடு வருகிற புத்தகங்களில் படித்தேன். அதனால் இன்றைக்கும் எனக்கு ஆங்கிலத்தில் கட்டளை போடத் தெரியும், சுகம் விசாரிக்கத் தெரியாது.

சமாதானப் பேச்சு முறிந்து சண்டை திரும்பவும் தொடங்கிய காலத்தில் நான் வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில், ஜவ்பர் நானாவின் கடையில் இருந்தேன். கீழே கம்பியூட்டர் விற்பனையும் திருத்தமும். மேல் மாடியில் கேம் சென்டர். மேல் மாடிக்கு நான் பொறுப்பு.

நானாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்போம். சத்தம் போட்டுக் கதைக்காத மனுசன். தன்னைவிட மூத்தவர்களையும் 'மகன்' என்றுதான் கூப்பிடுவார். மாட்டேன் என்ற சொல்லை அவர் வாயில் நான் கேட்டதில்லை. 'பாப்பமே மகன்' என்றால் மாட்டேன் என்று அர்த்தம். கோபம் வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி இடுப்புச் சாரனின் தலைப்பில் துடைப்பார். எவ்வளவு நேரம் துடைக்கிறாரோ அவ்வளவு கோபம். சிங்களம் அவர் வாயில் சுத்தமாக வரும். பொலிஸ்காரர் வந்தால் தானே படியிறங்கிப்போய்ப் பேசி, சிரிக்க வைத்து, அனுப்பிவிட்டு வருவார். வந்து கண்ணாடியைத் துடைப்பார்.

கேம் சென்டரின் சட்டங்கள் அவர் போட்டவை. முதல் சட்டத்துக்குக் காரணம் ஒரு மீன் பை. தொடக்கத்தில் எல்லா மெசினுக்கும் ஸ்பீக்கர் வைத்திருந்தோம். ஒருநாள் பொடியன்கள் மேலே ஒரு பாலத்தைத் தகர்த்தார்கள். கீழே ஒழுங்கையில் சந்தையிலிருந்து வந்த ஓர் அம்மா மீன் பையைப் போட்டுவிட்டு, செருப்பையும் விட்டுவிட்டு, காலி வீதியைப் பார்த்து ஓடினார். அவரைப் பார்த்து த்ரீவீல்காரர்கள் ஓடினார்கள். அவர்களைப் பார்த்துச் சந்தியில் நின்ற ஆமிக்காரன் துவக்கைத் தூக்கினான். நல்ல காலம், அவன் சுடவில்லை. நானா மேலே வந்து, ஸ்பீக்கர் வயர் ஒவ்வொன்றையும் தன் கையாலேயே வெட்டினார். அன்றிலிருந்து ஹெட்போன் இல்லாதவனுக்கு விளையாட்டு இல்லை.

இரண்டாவது, கட்சிகளின் பெயர். சிவப்பு, நீலம். அவ்வளவுதான். ஆமி என்றோ இயக்கம் என்றோ வாய் தவறிச் சொன்னவன் அன்றைக்கு வீட்டுக்குப் போக வேண்டும். பஸ்ஸில் விளையாட்டைப் பற்றிக் கதைக்கக் கூடாது. 'பாலத்தடியில் மறைஞ்சிருந்து அடிச்சனான்' என்று ஒருவன் பஸ்ஸில் பெருமையடித்தால் என்ன நடக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. கீழே தம்பிலி இளநீர் விற்கிற ஆள் படியால் ஏறுகிறவர்களைப் பார்த்து ஒவ்வொரு நாளும் சொல்வார்: 'ரோட்டில ஆமியக் கண்டா ஒதுங்குறீங்க, மேல போய் நீங்களே ஆமியாகிறீங்க.' அந்த வார்த்தையை என்னால் மறக்க முடியவில்லை.

விளையாட்டு இதுதான். மேலிருந்து பார்க்கிற ஊர். உன்னிடம் கொஞ்சச் சிப்பாய்கள், ஒரு ஜீப், ஒரு மோட்டார் பீரங்கி. எதிரி எங்கே இருக்கிறான் என்று தெரியாது. உன் ஆள் ஒருவன் கண்டால்தான் உனக்கும் தெரியும். ஆட்கள் களைப்பார்கள், பயப்படுவார்கள், துவக்கில் ரவை முடிந்தால் வெறுங்கையோடு நிற்பார்கள். அந்தக் காலத்து விளையாட்டுகளில் அப்படி வேறொன்று இல்லை. அதனால்தான் கெட்டிக்காரப் பொடியன்கள் அதில் விழுந்து கிடந்தார்கள்.

போட்டி நாளில் நடுவர் வேலை லேசானதல்ல. யாராவது முறைப்பாடு சொல்ல வேண்டுமென்றால் கையைத் தூக்க வேண்டும், வாய் திறக்கக் கூடாது. நான் ஆட்டத்தை நிறுத்துவேன். இரண்டு பேரும் மவுஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைக்க வேண்டும். நான் முதலில் முறைப்பாட்டுக்காரனின் திரையை அல்ல, மற்றவனின் திரையைத்தான் பார்ப்பேன். கோபக்காரனின் திரையை முதலில் பார்த்தால் அவனுடைய கோபம் நமக்கும் ஒட்டிக்கொள்ளும். பிறகு இரண்டு பேரிடமும் ஒரே கேள்வியைக் கேட்பேன்: 'உயிரில ஆசை உள்ளவன் இதைச் செய்வானா?' அந்தக் கேள்வியைக் கொண்டுவந்தவன் சுகந்தன்தான். நேர்மையான கேள்வி என்று நானும் ஏற்றுக்கொண்டேன். இன்றைக்கும் அதில் குறை சொல்ல மாட்டேன்.

சுகந்தன் ஹெவ்லொக் டவுனில் ஒரு கட்டட வரைஞரிடம் படம் கீறுகிற வேலை. தகப்பன் இல்லை; தாய் மட்டும். நேர்த்தியான பொடியன். அவனுடைய சிப்பாய்கள் மதிலோரமாகத்தான் போவார்கள். ஒரு குழு சுட, மற்றக் குழு நகரும். காயப்பட்டவனை விட்டுவிட்டுப் போகமாட்டான். தோற்றாலும் ஒழுங்காகத் தோற்பான்.

மற்றவன் யோகேஸ்வரன். எல்லோருக்கும் யோகேஸ். அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன், கொட்டாஞ்சேனையில் ஓர் அறையில் தங்கி, புறக்கோட்டையில் கைபேசி உறை விற்றான். வாய் காது வரைக்கும். வந்தவுடன் யாருடைய கதிரையையாவது சுற்றிவிட்டுத்தான் உட்காருவான். சண்டைக் கலை, யதார்த்தம் ஒன்றும் அவனுக்கு வேண்டாம். வெல்ல வேண்டும், வென்று சிரிக்க வேண்டும்.

அவன் ஒரு வழி கண்டுபிடித்திருந்தான். விளையாட்டில் சிப்பாய்கள் கிட்டத்தில் ஓடுகிற வாகனத்தைக் கண்டால், மற்ற எல்லாக் கட்டளையையும் மறந்து அதைச் சுடுவார்கள். ஓடுகிற திசையில் கொஞ்சம் முன்னால் குறி வைப்பார்கள். ஆனால் ஜீப் வட்டமாகச் சுற்றிக்கொண்டே இருந்தால் அவர்கள் குறி வைக்கிற இடத்துக்கு அது ஒருபோதும் வராது. யோகேஸ் வெறும் ஜீப்பை அனுப்பி எதிரியின் காவலரணைச் சுற்றவிடுவான். சுற்றோ சுற்று. எல்லோருடைய ரவையும் முடிந்ததும் அவனுடைய ஆட்கள் கடைக்குப் போகிற மாதிரி நடந்துபோய் இடத்தைப் பிடிப்பார்கள். பொடியன்கள் அதற்குப் பிரதட்சணம் என்று பெயர் வைத்தார்கள்.

இறுதிப் போட்டியில் இருவரும் மோதினார்கள். பிரதட்சணம் தொடங்கியதும் சுகந்தனின் கை உயர்ந்தது. நான் நிறுத்தினேன். திரைகளைப் பார்த்தேன். கேள்வியைக் கேட்டேன்.

"உயிரில ஆசை உள்ளவன் துவக்குக்கு முன்னால நின்று வட்டமடிப்பானே அண்ணை?" என்றான் சுகந்தன். "தேயிலைக் கொழுந்து கிள்ளுற மாதிரிச் சண்டை பிடிக்கேலாது."

அறையில் சிலர் சிரித்தார்கள். யோகேஸும் சிரித்தான், ஆனால் கொஞ்சம் பிந்தி.

"மெசின் விடுதுண்ணே, நான் செய்றேன்" என்றான். "விடக்கூடாதுன்னா மெசின் செஞ்சவன்கிட்ட சொல்லுங்க. இவரு ஏன் என்னைய வெரட்டுறாரு?"

ஆட்டம் சுகந்தனுக்கு என்று தீர்ப்புச் சொன்னேன். அடுத்தவனின் பிறப்பைப் பற்றிப் பேசியதற்காகச் சுகந்தனுக்கும் ஏசினேன். அவன் தலையை ஆட்டினான், மன்னிப்புக் கேட்கவில்லை. யோகேஸ் தொப்பியை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு, கதவடியில் நின்ற கதிரையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போனான். அதன் பிறகு வரவில்லை.

வென்ற சுகந்தனுக்கு விளையாட்டில் வந்த ஊர்கள் போதவில்லை. ஐரோப்பாக் கிராமங்களில் என்ன யதார்த்தம் இருக்கு அண்ணை, நாங்கள் காணாத ஊர், எங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டான். விளையாட்டோடு வரைபடம் செய்கிற கருவியும் வந்தது. அதை வைத்து அவன் மாதக்கணக்காக இருந்து வெள்ளவத்தையைச் செய்தான்.

அதை எனக்குத் திறந்து காட்டிய அன்று எனக்கு முதலில் வந்தது சந்தோசம்தான், பொய் சொல்லக் கூடாது. எங்கள் ஒழுங்கை இருந்தது. காலி வீதி, கால்வாய்ப் பாலம், ரெயில் பாதை, பாதைக்கு அப்பால் கடல். தம்பிலி வண்டிகூட இருந்தது. பிறகு சந்தியைப் பார்த்தேன். மண் மூட்டை அடுக்கிய காவலரண். அதில் நிற்கிறவனின் துவக்கு எந்தப் பக்கம் பார்க்கிறது, அவனுக்கு எந்த மதில் மறைக்கிறது, எல்லாம் நிஜத்தில் உள்ளபடி.

நானாவைக் கூப்பிட்டேன். அவர் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். அப்படி நீண்ட நேரம் அவர் துடைத்ததை நான் அதற்கு முன் கண்டதில்லை.

"இந்தா பாருங்க மகன்" என்றார். "ரோட்டு வரையிறது குத்தமில்ல. ரோட்டுல நிக்கிறவன்ட துவக்கு எங்க பாக்குதுண்டு வரையிறீங்களே, அது படமில்ல, வழக்கு. அழிச்சிருங்க."

அது இல்லாவிட்டால் யதார்த்தம் இல்லையே என்றான் சுகந்தன். பாப்பமே மகன் என்றார் நானா. எங்கள் மெசினிலிருந்து நானே அழித்தேன். ஆனால் அவன் சீடியில் ஒரு பிரதி வைத்திருந்தான். வேலைத்தலத்துப் பெரிய பிரிண்டரில் ஒரு பிரதி அடித்தும் வைத்திருந்தான், பார்த்துத் திருத்துவதற்கு. உலகத்தில் வேறு எந்த ஊரிலும் ஒருவன் தன் வீதியைக் கீறிப் பையில் வைத்திருப்பது குற்றமாகாது. எங்கள் ஊரில், அந்த வருசத்தில், ஒரு தமிழ்ப் பொடியன், அதே காவலரணில் பையைத் திறந்து காட்டினான். காட்டியவன் ஒளிக்கவும் இல்லை. எது எங்கே இருக்கிறது என்று விளங்கப்படுத்தியிருக்கிறான். அங்கேயே பிடித்துப் பொலிஸுக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

தாய் கடைக்கு வந்து கீழ்ப்படியில் இருந்துவிட்டார். அழவில்லை. "அவன் எல்லாத்தையும் சரியாச் செய்யிற பிள்ளை" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். அதுதான் சிக்கல் என்று நான் அவருக்கு எப்படிச் சொல்வது?

நானாவும் நானும் போனோம். எந்தப் பொலிஸ் நிலையம் என்பது வேண்டாம். அதிகாரி ஒரு படித்த மனிதர். கதிரை தந்தார், தேத்தண்ணி தருவித்தார். மேசையில் வரைபடம் விரித்துக் கிடந்தது. நான்கு மூலையிலும் நான்கு கோப்பைகள். இது கம்பியூட்டர் விளையாட்டு என்று நானா சிங்களத்தில் சொன்னார். அப்படியானால் அதைக் கொண்டுவந்து காட்டுங்கள், விளையாட்டென்று எனக்குத் தெரிந்தால் விட்டுவிடுகிறேன், தெரியாவிட்டால் மேலே அனுப்ப வேண்டும் என்றார். மேலே என்றால் தெற்கே இருந்த தடுப்பு முகாம். போனவர்கள் எப்போது வருவார்கள் என்று யாராலும் சொல்ல முடியாத இடம்.

மொனிட்டரை மடியில் வைத்துக்கொண்டு த்ரீவீலில் மெசினைக் கொண்டுபோனோம். அவனுடைய சீடியிலிருந்து வெள்ளவத்தையைத் திரும்ப ஏற்றினேன். சுகந்தனைக் கூட்டிவந்து முன்னால் இருத்தினார்கள். ஓர் இரவில் முகம் சுருங்கியிருந்தது. விளையாடிக் காட்டு என்றார் அதிகாரி.

இங்கேதான் எங்கள் ஆட்கள் மட்டும் செய்யக்கூடிய பிழை நடந்தது. பயத்தில் ஒருவன் தனக்கு நன்றாகத் தெரிந்ததைச் செய்வான். சுகந்தன் நன்றாக விளையாடினான். ரெயில் பாதையின் மறைவில் ஆட்களை ஏற்றினான். கால்வாயிலிருந்து புகை போட்டான். காவலரணில் நிற்கிறவனுக்கு எந்த மதில் மறைக்கிறதோ அந்த மதிலோரமாக ஒரு குழுவை அனுப்பினான். ஒருவன் காயப்பட, அவனை இழுத்துக்கொண்டு வந்தான். சந்தி சுத்தமாக அவன் கைக்கு வந்தது. அதிகாரி மெதுவாகப் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்: "மெயா ஹொந்தட்ட இகெனகென தியெனவா." இவன் நன்றாகப் பயின்றிருக்கிறான் என்று.

நான் மேசைக்குக் கீழே பார்த்தேன். நானா கண்ணாடியைத் துடைக்கவில்லை. கண்ணாடி கழன்று அவர் கையில் சும்மா இருந்தது. பிறகு எழும்பி அதிகாரியிடம், நாளைக்கு வேறு ஒருவனைக் கொண்டுவருகிறேன் ஐயா, அவன் விளையாடுவதைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள் என்று கேட்டார். அதிகாரி சரி என்றார்.

வெளியில் வந்ததும் என்னிடம் சொன்னார்: "அந்தத் தோட்டத்துப் புள்ள வெளாடினா, ஒரு முட்டாளும் இத பயிற்சிண்டு நம்ப மாட்டான் மகன்."

அடுத்த நாள் காலை புறக்கோட்டைக்குப் போனோம். யோகேஸ் கைபேசி உறைகளைக் கயிற்றில் தொங்கவிட்டுக்கொண்டு நின்றான். நடந்ததை நானா மறைக்காமல் சொன்னார். வர மறுத்தால் கோபிக்க மாட்டேன் என்றும் சொன்னார். அவன் ஒரு வாடிக்கையாளருக்கு மிச்சக் காசு கொடுத்துவிட்டு என்னைப் பார்த்தான்.

"அப்ப இன்னைக்கு மட்டும் என் ஆட்டம் சரியாண்ணே?"

"ஆட்டம் பிழைதான்" என்றேன். "ஆனா அதைவிட்டா வேற வழி இல்லை."

அவன் அதற்குப் பலமாகச் சிரித்தான். "பொய் சொல்லாம சொல்றீங்க பாருங்க, அதுக்காக வாறேன்."

பொலிஸ் பதிவு இருக்கிறதா என்று நானா கேட்டார். கொழும்பில் தங்கியிருக்கிற வெளியூர்த் தமிழர் எல்லோரும் பொலிஸில் பதிய வேண்டிய காலம். அடையாள அட்டை இருக்கு, அட்டன் விலாசம், பதிவை அறைக்காரர் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார் என்றான். நானா தயங்கினார். யோகேஸ் தொப்பியைச் சரி செய்துகொண்டு, "ஜீப்பு நான் இல்லாம ஓடாது நானா, வாங்க" என்று முன்னால் நடந்தான்.

அவன் பொலிஸ் நிலையத்துக்குள் வந்தவிதம் எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. கதிரையைச் சுற்றவில்லை. தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, எல்லோருக்கும் வணக்கம் சொல்லிவிட்டு உட்கார்ந்தான். மவுஸில் கை வைத்ததும் பழைய யோகேஸ்.

ஜீப்பை எடுத்தான். காலி வீதியால் கொண்டுவந்து, சந்தியில், அந்த மண் மூட்டைக் காவலரணைச் சுற்றவிட்டான். உள்ளே இருந்த சிப்பாய்கள் எல்லோரும் திரும்பித் திரும்பிச் சுட்டார்கள். ஜீப் சுற்றியது. அவர்களும் சுற்றினார்கள். ஒருவன் சுற்றிச் சுற்றி மண் மூட்டையிலேயே தலை முட்டிக்கொண்டு நின்றான். வாசலில் நின்ற கான்ஸ்டபிள்தான் முதலில் சிரித்தார். பிறகு பக்கத்து அறையிலிருந்து வந்தவர்கள். ரவை முடிந்து எல்லோரும் கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிற்க, யோகேஸின் ஆள் ஒருவன் தனியாக நடந்துவந்து காவலரணுக்குள் ஏறினான். அதிகாரிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இன்னொரு தரம் என்றார். யோகேஸ் இன்னொரு தரம் சுற்றினான்.

சுகந்தனை ஒரு மூலையில் நிறுத்தி வைத்திருந்தார்கள். அவன் திரையைப் பார்த்துக்கொண்டு, எனக்குக் கேட்கிற மாதிரி, "இது விளையாட்டே இல்லை" என்றான். அந்த இடத்தில், அந்த நிலையில். நான் அவன் காலை மிதித்தேன். நல்லவேளை, அங்கே வேறு ஒருவருக்கும் தமிழ் விளங்கவில்லை.

சின்னப் பிள்ளைகளின் சாமான் என்றார் அதிகாரி. வரைபடத்தை இரண்டாகக் கிழித்துக் கூடையில் போட்டார். சுகந்தனுக்கு, இனிமேல் மரம், மாடு கீறு என்று புத்தி சொன்னார். கையெழுத்து வாங்கினார். சுகந்தன் போகலாம்.

நாங்கள் எழும்பினோம். யோகேஸும் எழும்பினான். அப்போது அதிகாரி, இன்னும் சிரிப்பு மாறாத முகத்தோடு, அவனுடைய அடையாள அட்டையைக் கேட்டார். பார்த்தார். எங்கே தங்கியிருக்கிறாய் என்று கேட்டார். பதிவை எடுத்துப் பார்க்கச் சொன்னார். பதிவு இல்லை. அறைக்காரர் செய்யவில்லை.

நானா பேசினார். நான் அவரை அப்படிப் பேசிக் கேட்டதில்லை. இவன் நாங்கள் கூட்டிவந்தவன், தானாக வந்தவன், இவனால்தான் உங்களுக்கே விசயம் விளங்கியது என்றார். அதிகாரி கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அவருக்கும் சங்கடம் மாதிரி ஒரு முகம். ஆனால் பதிவில்லாத ஆளைத் தடுத்து வைக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது, இடமிருக்கும்போது நான் விட்டால் நாளைக்கு என்னைக் கேட்பார்கள் என்றார். சாதாரண விசாரணைதான், நாளை மறுநாள் வந்துவிடுவான் என்றார்.

யோகேஸ் தொப்பியை என்னிடம் தந்தான். "மெசின் விடுதுல்லண்ணே" என்றான். "அவரு செய்றாரு."

நாளை மறுநாள் வரவில்லை. அவனைத் தெற்கே அனுப்பினார்கள். நானா புதுக்கடை நீதிமன்றப் பக்கம் ஒரு சட்டத்தரணியைப் பிடித்தார், தோட்டத்திலிருந்து தகப்பனை வரவழைத்தார், மாதத்துக்கு ஒரு தடவை நீதிமன்ற வாசலில் நின்றார். நானும் நின்றேன். திகதிக்கு மேல் திகதி. சுகந்தனின் தாயிடம், மகன் வந்து ஒரு வாக்குமூலம் தந்தால் உதவியாக இருக்கும் என்று கேட்கப் போனேன். அவர் கதவைத் திறந்து, சங்கிலியைக் கழற்றாமல், "தம்பி, எங்களுக்கு இப்பதான் மூச்சு வந்திருக்கு" என்றார். ஒரு தாயாக அவர் சொன்னதை நான் பிழை சொல்ல மாட்டேன். அடுத்த தடவை போனபோது அந்த வீட்டில் வேறு ஆட்கள் இருந்தார்கள். சுகந்தன் கனடாவுக்குப் போய்விட்டான் என்றார்கள்.

யோகேஸ் வெளியே வந்தபோது சண்டையே முடிந்திருந்தது. கேம் சென்டரும் மூடியாகிவிட்டது. நானா அந்த மாடியை ரியூசன் வகுப்புக்கு வாடகைக்கு விட்டுவிட்டார். யோகேஸ் கீழே கடைக்கு வந்தான். மெலிந்திருந்தான். வலது கையை மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டு இடது கையால் தேத்தண்ணி குடித்தான். தொப்பியைக் கொடுத்தேன். போட்டுப் பார்த்துவிட்டு, பெரிதாகிவிட்டது என்றான்.

போகும்போது கேட்டான்: "அந்த ஃபைனல் தீர்ப்ப மாத்திட்டீங்களாண்ணே?"

"இல்லை" என்றேன். "அது பிழையான ஆட்டம்தான்."

அவன் சிரித்தான். பழைய சிரிப்பில் பாதி இருக்கும். ஊருக்குப் போய்விட்டு அங்கிருந்து கட்டாருக்குப் போனதாகத் தகப்பன் ஒரு தடவை சொன்னார். அதற்குப் பிறகு தகவல் இல்லை. நானாவும் மறைந்துவிட்டார். கடைசி வருசங்களில் அவர் கண்ணாடியைச் சும்மா சும்மா துடைத்துக்கொண்டிருப்பார்.

போட்டிக்காரர்கள் பதில் கேட்டுத் திரும்பவும் வந்தார்கள். நான் சொன்னேன்: உங்கள் முதலாவது விதி நல்ல விதி. அதை எழுதிய அங்கிளிடம் ஒன்று மட்டும் கேளுங்கள். அவரை வெளியே எடுக்க ஜீப் ஓட்டினவன் யார் என்று கேளுங்கள். அவர்கள் ஒன்றும் விளங்காமல், என் முன்னாலேயே கைபேசியில் எழுதி அனுப்பினார்கள். அங்கே பகலாக இருந்திருக்க வேண்டும். பதில் உடனே வந்தது. வங்கிக்காரத் தம்பி அதை எனக்கு வாசித்துக் காட்டினார்.

"ஓம், அந்தக் காலத்தில ஒரு கள்ள விளையாட்டுக்காரன் இருந்தவன். பெயர் ஞாபகம் இல்லை."

நான் போட்டிக்குப் போகவில்லை. உயிரில் ஆசை உள்ளவன் செய்யத் துணியாததை ஒருவன் செய்து நான் ஒரே ஒரு தடவைதான் பார்த்தேன். அது திரையில் அல்ல. விளையாட்டின் விதிப்படி அவன் ஆட்டத்துக்கு வெளியே, சுகந்தன் உள்ளே. இருக்கட்டும்.

பெயர் யோகேஸ்வரன். ஊர் அட்டன் பக்கம். ஜீப்பை ஓட்டினவன் அவன்.